யாரா வந்திருக்க?

அன்றைக்கு அக்கா தன் அண்ணன் வீட்டு மாடிப்படியை யாராக ஏறினார்? அந்தப் பெண்ணுக்கு அத்தையாகவா, அந்த வலைத்தளத்தை எழுதியவராகவா? இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. மகளுக்குத் தலை பின்னும்போது, பால் பொங்குவதற்காகக் காத்து நிற்கும்போது, இந்தக் கேள்வி வந்து பக்கத்தில் நிற்கிறது. இப்போது ஒரு வாரமாக அது என்னை விடுவதில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தின் முதலாளியைத்தான் அக்கா என்கிறேன். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னொருவருடைய பெயரும் வெளியே வந்துவிடும்.

செல்லூரில், கீழே விசைத்தறி ஓடும் ஒரு கட்டடத்தின் மாடியில் அக்கா பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். முன்னால் பிளைவுட் தடுப்புகளுக்குள் கம்ப்யூட்டர்கள். பின்னால் ஒரு சின்ன அறை. அங்கேதான் உள்ளூர்க் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் வலைத்தளம் செய்துகொடுத்தோம். நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள். வாடிப்பட்டியில் பிறந்து கோச்சடைக்கு வாழ்க்கைப்பட்டு, மகள் பால் மறந்த பிறகு, மாமியார் சம்மதத்தோடு அந்தப் பின்னறை வேலைக்குச் சேர்ந்தேன். தறிச் சத்தம் தரையின் வழியாகக் காலில் ஏறும். பஞ்சுத் தூசி கம்ப்யூட்டர் மின்விசிறியில் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை பெயிண்ட் பிரஷ்ஷால் துடைப்போம்.

அக்கா சௌராஷ்டிரக் குடும்பம், கல்யாணம் செய்துகொள்ளாதவர். வீட்டில் அவர்கள் பாஷை, கடையில் தமிழ். இரண்டையும் அவர் கலந்து நான் கேட்டதில்லை. அவருடைய அம்மா போன் செய்வார். வீட்டு விஷயம் என்றால் அக்கா ரிசீவரை வைத்துவிட்டு, வெளியே படிக்கட்டுக்குப் போய், கைபேசியில் தானே கூப்பிட்டுப் பேசுவார். அதே அம்மா, மாதர் குழுவுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று கூப்பிட்டால், இடத்தை விட்டு அசையாமல் தமிழில் பேசுவார். "சரிங்கம்மா, மேட்டரை அனுப்பி விடுங்க" என்று பெற்ற தாயிடமே சொல்லுவார். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் ஏன் என்பதுபோல் பார்த்தார். அவருக்கு அதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை.

யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "யாரா வந்திருக்க?" பெரியவர்களானால் "யாரா வந்திருக்கீங்க?" சொந்தக்காரராக வந்திருந்தால் காபி உண்டு, கம்ப்யூட்டர் கிடையாது. பிரவுஸ் பண்ண வந்திருந்தால் வரிசையில் உட்கார வேண்டும், காபி கிடையாது. அந்தப் பகுதி போலீஸ் ஏட்டு ஒருவர் வருவார். சென்டரில் உட்காருகிறவர்களின் விவரங்களைச் சரிபார்க்கவும் அவர்தான் வருவார், மகனுக்குக் கல்லூரி விண்ணப்பம் போடவும் அவர்தான் வருவார். "ஏட்டையா, விசாரணைக்கா, விண்ணப்பத்துக்கா?" என்று அக்கா எழுந்து நின்று மரியாதையாகக் கேட்பார். விசாரணைக்கு என்றால் நாற்காலி வரும். விண்ணப்பத்துக்கு என்றால், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மாணவர்களோடு பெஞ்சில் காத்திருக்க வேண்டும். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் வேலை இருப்பதுபோலப் பின்னறைக்குள் போய்விடுவேன்.

மெயிலை மூடாமல் எழுந்து போகிறவர்களை அக்கா படி இறங்கவிட மாட்டார். மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, உன்னய இங்கயே விட்டுட்டுப் போற. வந்து எடுத்துக்கிட்டுப் போ" என்பார். அந்தப் பையன் திரும்ப ஏறி வந்து லாக் அவுட் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்து, மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் பலமுறை போன் செய்துவிட்டேன். அக்கா பின்னறைக்கு வந்து, யாராக வந்திருக்கிறேன் என்று கேட்டார். வேலைக்குத்தான் என்றேன். "இல்ல. பிள்ளைக்கு அம்மா உக்காந்து டைப் அடிக்கிறா. அவளுக்கு பி.எச்.பி. தெரியாது. எந்திரி, போ" என்றார். பி.எச்.பி. என்பது நாங்கள் வலைத்தளம் எழுதிய கணினி மொழி. அவர் சொன்னது அன்பா, கண்டிப்பா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அக்காவிடம் இரண்டும்தான் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஏதாவது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர் எழுதிய வலைத்தளங்களில்தான் அந்தக் குழப்பம் வந்தது.

எங்களிடம் இரண்டு பெரிய வேலைகள் இருந்தன. ஒன்று, நூல் வியாபாரி ஒருவருடைய தளம். தறி வைத்திருப்பவர்கள் அதில் நுழைந்து நூலுக்கு ஆர்டர் கொடுக்கலாம். இன்னொன்று, அக்காவின் சமூகத்தார் சங்கத்தின் வரன் பதிவுத் தளம். மகனுக்கோ மகளுக்கோ விவரம் பதியலாம். ஜாதகம் பார்த்துப் பிடித்திருந்தால் 'விருப்பம்' என்ற பொத்தானை அழுத்தலாம். சங்க அலுவலகத்தில் அதை அச்செடுத்து, எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். செலவைக் குறைக்க இரண்டு தளங்களையும் ஒரே இடத்தில், ஒரே முகவரியின் கீழ், வேறு வேறு ஃபோல்டரில் வைத்திருந்தோம். சின்ன ஊர்களில் அப்போது எல்லோரும் செய்தது அதுதான்.

தறி முதலாளி ஒருவர் வந்தார். நல்ல மீசைக்காரர். நூல் ஆர்டர் கொடுத்து முடித்து, மகனுக்கு வரன் பார்க்கலாமென்று அதே கம்ப்யூட்டரில் சங்கத் தளத்தைத் திறந்தார். அது அவரிடம் கடவுச்சொல்லே கேட்கவில்லை. எம்.காம். படித்த ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, அவரையே அந்தப் பெண்ணாக வணக்கம் சொல்லி உள்ளே அழைத்துக்கொண்டது. பக்கத்துத் தடுப்பிலிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"மாப்ள, எம்.காம். எப்ப முடிச்ச? சொல்லவே இல்ல."

அதற்கும் அடுத்த தடுப்பிலிருந்து, "நட்சத்திரமெல்லாம் பொருந்தும்ணே, மீசைதான் இடிக்குது" என்று ஒரு குரல். சென்டரே சிரித்தது. மீசைக்காரரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு பேர்ல எதையாச்சும் அழுத்துனீங்களா?" இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அக்கா மூச்சு விட்டார். உடனே போய் இரண்டு தளங்களையும் நிறுத்தினார்.

நான் மன்னிப்புக் கேட்டு ஒரு அறிவிப்பு போடலாமா என்றேன். "தப்பா ஒரு பக்கம் தெரிஞ்சா மன்னிப்புக் கேக்கலாம். ஒரு பொண்ணு பேர்ல விருப்பம் போயிருச்சுன்னா அத யாருகிட்டப் போயித் திரும்ப வாங்குவ?" என்றார்.

என்ன நடந்தது என்பதை அவர் எனக்கு, கோயில் வாசலில் டோக்கன் கொடுத்துச் செருப்பை வாங்கி வைக்கிற கடையை வைத்துச் சொன்னார். உள்ளே நுழைகிற ஆளின் பிரவுசருக்கு சர்வர் ஒரு டோக்கன் கொடுக்கிறது. அந்த டோக்கனுக்குரிய அலமாரிக் கட்டத்தில், வந்தவர் எந்த எண்காரர் என்று எழுதி வைக்கிறது. அதுதான் செஷன். எங்கள் இரண்டு தளங்களும் இரண்டு செருப்புக் கடைகள். ஆனால் டோக்கனுக்கு இரண்டும் வைத்த பெயர் ஒன்றே, பின்னால் இருந்த அலமாரியும் ஒன்றே. பி.எச்.பி. தானாகக் கொடுக்கிற பெயரை நாங்கள் மாற்றாமல் விட்டிருந்தோம். நூல் கடை கட்டத்தில் ஓர் எண்ணை எழுதி வைத்தது. சங்கக் கடை அதே கட்டத்தைத் திறந்து, அந்த எண்ணுக்குரிய தன் உறுப்பினர் யார் என்று பார்த்தது. அந்தப் பெண் வந்தாள். எழுதி வைத்தது தானா, பக்கத்துக் கடையா என்று அது கேட்கவில்லை.

"யாரா வந்திருக்கன்னு கேக்கத் தெரியாத கோடு" என்றார் அக்கா. நிரலை அவர் கோடு என்றுதான் சொல்லுவார். ஆயுள் முழுக்க ஆட்களிடம் கேட்டதைத் தன் நிரலில் கேட்காமல் விட்டுவிட்டோமே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சரிசெய்யச் சில நாட்கள் ஆயின. ஒவ்வொரு தளத்தின் செஷனுக்கும் தனிப் பெயர் வைத்தோம். டோக்கன் அந்தந்த ஃபோல்டருக்குள் மட்டும் செல்லும்படி செய்தோம். செஷன் கோப்புகளுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கினோம். கட்டத்தில் எழுதும்போதே எந்தத் தளம் எழுதியது என்பதையும் சேர்த்து எழுதி, ஒவ்வொரு பக்கமும் முதலில் அதைச் சரிபார்க்கும்படி வைத்தோம். பெயர் வைக்கும் வரி, செஷனைத் தொடங்கும் வரிக்கு முன்னால் வர வேண்டும். எல்லாப் பக்கங்களிலும் வர வேண்டும். ஜாதகம் அச்செடுக்கிற பக்கத்தில் மட்டும் அது விடுபட்டுப்போய், உள்ளே இருப்பவரையே நீ யார் என்று கேட்டு வெளியே தள்ளியது. அதையும் பிடித்தோம். அக்கா ஒரு தளத்திலும் நான் இன்னொன்றிலுமாக, ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி நுழைந்தும் வெளியேறியும் பார்த்தோம். யாரும் யாராகவும் மாறவில்லை. அதற்குப் பிறகுதான் இரண்டையும் திறந்தோம். இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கோளாறு அத்தோடு முடிந்துவிட்டது. அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதன் பிறகு சில மாதங்கள் கழித்து அக்காவின் அண்ணன் மகள் சென்டருக்கு வந்தாள். கல்லூரியில் கடைசி வருடம். சங்கத் தளத்தில் அவளுடைய விவரத்தை அவள் அப்பா பதிந்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தது அவள்தான் என்பதால் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். புராஜெக்ட் வேலை செய்துகொண்டிருந்தவள், நான் பக்கத்தில் போனபோது, விருப்பம் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அழுத்தினால் அவர்கள் வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், உன் பெயரோடு அச்செடுத்துக் கொடுப்பார்கள் என்றேன். சரிக்கா என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அல்லது நான் பார்க்கவில்லை.

பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், பையன் வீட்டுப் பெரியவர் ஒருவர் அவள் அப்பாவிடம், "உங்க பொண்ணே எங்க பையன விரும்பி அனுப்பிச்சிருச்சே, அப்புறம் என்ன, தட்ட மாத்திர வேண்டியதுதான்" என்று சிரித்திருக்கிறார். இலையில் இருந்தவர்களெல்லாம் கேட்டுவிட்டார்கள். அவள் அப்பா எதையும் அழுத்தியிருக்கவில்லை. அன்றே அவள் கல்லூரி நின்றது. கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார்கள். தூரத்துச் சொந்தத்தில் யாரோ ஒருவருக்கு அவசரமாகப் பேசத் தொடங்கினார்கள்.

அண்ணன் சென்டருக்கு வந்தார். அக்கா வழக்கம்போலக் கேட்டார். அண்ணனாகத்தான் வந்திருக்கிறேன் என்றார் அவர். அக்கா அவரைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார். அவர்கள் பாஷையில் வெகு நேரம் சத்தம் கேட்டது. கடைசி வாக்கியத்தை மட்டும், எங்கள் எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே, அவர் தமிழில் சொன்னார்: "படிக்க வச்சா உன்னய மாதிரி ஒத்தையா நிப்பான்னு தெரியாமப் போச்சு."

அக்கா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சர்வரில் யார் எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற பதிவை எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "வா, போவோம். சென்டர்ல வேலை பாக்குறவளா வா. அந்த மீசைக்காரர் கதைய நீ பாத்தபடி சொல்லு, போதும்" என்றார்.

அண்ணன் வீட்டு மாடிப்படி குறுகல். அக்கா முன்னால் ஏறினார். வீட்டுக்குள் போனதும் அண்ணன் ஏதோ சொன்னார், அவர்கள் பாஷையில். அக்கா தமிழில் பதில் சொன்னார்.

"என்ன, வீட்டுல வந்து தமிழ்ல பேசுற?"

"கடையில இருந்து வந்திருக்கேன். கடையில தமிழ்தான்."

அண்ணி காபி கொண்டுவந்தார். குடிக்க வரவில்லை என்று அக்கா நின்றபடியே சொன்னார். பிறகு அண்ணனை 'நீங்க' என்று விளித்தே பேசினார். சங்க உறுப்பினருக்கு, தளத்தை எழுதியவள் சொல்ல வேண்டியதைச் சொல்ல வந்ததாகச் சொன்னார். இரண்டு தளங்கள் ஒன்றோடொன்று குழம்பியதாகவும், ஒருவர் உள்ளே நுழைந்தால் இன்னொருவராகத் தெரிந்ததாகவும், நூல் ஆர்டர் கொடுக்க வந்த யாரோ ஒருவர் அழுத்தியது அந்தப் பெண்ணின் பெயரில் போயிருப்பதாகவும் சொன்னார். "உங்க பொண்ணு ஒண்ணும் அழுத்தல. தப்பு என் கோடுல. சங்கத்துலயும் நானே சொல்லிர்றேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்படியெல்லாம் நடக்குமாம்மா?"

நடந்ததைச் சொன்னேன். மீசைக்காரர், எம்.காம்., சென்டர் சிரித்தது எல்லாம். எப்போது நடந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். இம்புட்டு நாளாக நெஞ்சில் வைத்திருந்த ஒன்றை இறக்கி வைத்தவர் போல இருந்தார். பிறகு கோபம் தங்கச்சி மேல் திரும்பியது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இப்படியா கவனமில்லாமல் வேலை செய்வது என்றார். அக்கா தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

அந்தப் பெண் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கிளம்பும்போது அக்கா அவள் அருகில் போய், அவர்கள் பாஷையில் மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார். அங்கே அவர் அந்தப் பாஷையில் பேசியது அது ஒன்றுதான். எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் அவள் கல்லூரிக்குப் போனாள். பையன் வீட்டுக்காரர்கள், கம்ப்யூட்டர் கோளாறு என்று தெரிந்ததும் கௌரவமாக விலகிக்கொண்டு வேறு இடம் பார்த்தார்கள். சங்கம் தளத்தை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. நூல் வியாபாரியும் யோசிக்கத் தொடங்கினார். பின்னறை வேலை குறைந்தது. வீடுகளுக்கே இணையம் வந்து, சென்டருக்கும் ஆள் குறைந்தது. சென்டரை மூடிவிட்டு அக்கா ஓசூர்ப் பக்கம் ஒரு வேலைக்குப் போனார். கம்ப்யூட்டர்களைக் கட்டும் அன்று, பஞ்சு துடைத்துக்கொண்டே நான் கேட்டுவிட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"நீ யாரா கேக்குற? வேலை பாத்தவளா கேட்டா, எல்லாம் கோடுல இருக்கு, பாத்துக்க. பழகுனவளா கேட்டா, கேக்காத."

அந்தப் பெண்ணைச் சில மாதங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். என் மகளுக்கு ஊசி போடப் போயிருந்தேன். அவளும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். படித்து முடித்து, வேலைக்குப் போய், அப்பா பார்த்த வேறு இடத்தில் கல்யாணம் முடித்திருக்கிறாள். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள். அழுத்தினது தான்தான் என்றாள். "அத்தை வந்து கோளாறுன்னு சொன்னப்ப, இல்ல நான்தான்னு சொல்ல வாய் வரலக்கா. சொல்லியிருந்தா படிப்பு போயிருக்கும். சொல்லாததால அது போச்சு." அது என்று அவள் சொன்னது எதை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு அத்தை என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன். "மன்னிப்புக் கேட்டாங்க" என்றாள். அதற்குள் அவள் குழந்தையின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தமிழில் சொன்னது பொய். அவர்கள் பாஷையில் சொன்னது உண்மை. கடைக்காரியாக நின்றுகொண்டு அத்தையின் பொய்யைச் சொன்னாரா, அத்தையாக வந்து கடைக்காரியின் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனாரா? அவளைக் காப்பாற்றினாரா, அவள் செய்ததை அவள் செய்யவே இல்லை என்று ஆக்கிவிட்டாரா? என் மகள் நாளைக்கு ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வந்து நின்றால் நான் எதைச் செய்வேன் என்று நினைத்துக்கொண்டு, பின்னிய சடையை அவிழ்த்து மறுபடி பின்னுகிறேன்.

இப்போது காரணம். நான் வீட்டிலிருந்தே வலைத்தள வேலை செய்கிறேன். சங்கத்தின் புதிய நிர்வாகக் குழு, வரன் தளத்தைப் புதிதாக எழுத என்னைக் கூப்பிட்டிருக்கிறது. போன வாரம் போய் உட்கார்ந்தேன். குழுவில் அந்த அண்ணனும் இருக்கிறார். தலை நரைத்துவிட்டது. நான் யாரிடம் வேலை பழகினேன் என்று அவருக்குத் தெரியும். எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "என் தங்கச்சிதான், இருந்தாலும் சொல்றேன். கவனம் பத்தாது. ஒரு பொண்ணு வாழ்க்கையே கெட்டிருக்கும். நீயும் அப்படிச் செஞ்சிராதம்மா."

குழுவே தலையாட்டியது. எனக்குத் தெரிந்தவர்களிலேயே அதிகக் கவனம் உள்ளவர் அக்காதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கோளாறு அதற்கு முன்பே சரிசெய்யப்பட்டது என்ற ஒரு வரி போதும், அக்காவின் பெயர் துலங்கிவிடும். அதே வரி அந்தப் பெண்ணை, கைக்குழந்தையோடு, அந்தப் பந்தியில் மறுபடி கொண்டுபோய் உட்காரவைத்துவிடும். நான் தண்ணீர் குடித்தேன்.

வருகிற வாரம் மறுபடி போக வேண்டும். அவர் மறுபடி சொல்லுவார். அப்போது நான் பேச வேண்டுமா, இந்த முறையும் தண்ணீர் குடிக்க வேண்டுமா? படிக்கிறவர்கள் தெரிந்தால் எழுதுங்கள். எழுதும்போது, பெண்ணைப் பெற்றவராக எழுதுகிறீர்களா, வேலை தெரிந்தவராக எழுதுகிறீர்களா என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அக்கா இங்கே இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்.